கருவின் அசைவும் மூட்டின் பிறப்பும்

சென்னைக்கு வடக்கே, தமிழகமும் ஆந்திரமும் கூடும் எல்லையிற் பரந்து கிடக்கிறது பழவேற்காட்டு ஏரி. நம் நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமை உடையது இது. இதன் கரையிலுள்ள குப்பங்களில் பொழுது புலருமுன்பே தொழில் தொடங்கிவிடும். இடுப்பளவு நீரில் நின்று ஒருவர் வீச்சு வலையைச் சுழற்றி எறிகிறார். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒருங்கே இயங்க, வலை வட்டமாக விரிந்து நீரில் விழுகிறது. சற்று அப்பால் இருளர் இனப் பெண்கள், ஓலைப் பறியைப் பல்லாற் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். விரல் மூட்டுகள் மடங்காவிடின் ஓர் இறாலும் அகப்படாது. உழைத்து வாழ்வோர்க்கு மூட்டே முதற்கருவி. அக்கருவி எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை அறிதல் நலம் அன்றோ?

கருவில் கையும் காலும் முதலிற் சிறு மொட்டுகளாகவே தோன்றுகின்றன. அவற்றின் நடுவே உயிரணுக்கள் நெருங்கித் திரண்டு குருத்தெலும்பாக மாறுகின்றன. அந்நிலையில் இரண்டு எலும்புகளுக்கு இடையே வெளி கிடையாது. ஆயினும், மூட்டு அமையவேண்டிய இடத்தில் உள்ள அணுக்கள் குருத்தெலும்பாகாமல் தட்டையாகிக் குறுக்கே அடுக்கப்படுகின்றன. அணுக்கள் ஒன்றோடொன்று பேசுவது சொற்களால் அன்று, மூலக்கூறுகளால் ஆகும். ‘குருத்தெலும்பாகாதே, மூட்டாகவே இரு’ என்னும் கட்டளையை அவ்வணுக்களுக்குள் நிலைநிறுத்தும் மூலக்கூறுகளுள் ஒன்று பீட்டா கட்டெனின் என்னும் புரதம்.

இக்கட்டளை தானே நிலைத்திருக்குமா? விடை தந்தது கோழிமுட்டை. அடைக்கோழியின் சிறகுக்குள் இருபத்தொரு நாள் இருக்கும் முட்டையில், ஏறக்குறைய நான்காம் நாளிலேயே கரு அசையத் தொடங்குகிறது. தொட்டால் துடிக்கும் உணர்ச்சி வருவதற்கு முன்பே அது தானாக அசைகிறது என்பதை விக்டர் ஹாம்பர்கர் என்னும் அறிஞர் 1963-இல் விளக்கினார்.

அதற்கு முன்னர், 1934-இல், ஆனர் பெல் என்னும் பெண் அறிவியலாளரும் கான்டியும் கோழிக்கருவின் முழங்கால் மூட்டுப் பகுதியைத் தனியே எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தனர். மூட்டு உருவாகத் தொடங்கியது. ஆனால் முழுமை பெறவில்லை. 1966-இல் டிராக்மன், சோகோலோப் என்னும் இருவர், முட்டைக்குள் இருக்கும் கருவின் தசைகளை மருந்தினால் செயலிழக்கச் செய்தனர். மூட்டுகளில் வெளி உண்டாகவில்லை. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூட்டின் தொடக்கம் மரபுவழி வருவது. அதன் நிறைவுக்கோ அசைவு வேண்டும் என்பது இவற்றாற் புலனாயிற்று.

காரணம் பின்னர்த் தெளிவாயிற்று. தசை சுருங்காத எலிக் கருக்களை இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து 2009-இல் தம் முடிவை வெளியிட்டனர். அசைவு இல்லாத மூட்டுகளில் பீட்டா கட்டெனினின் செயல் குன்றியது. மூட்டாக வேண்டிய அணுக்கள் தம் கடமையை மறந்து குருத்தெலும்பாயின. எனினும், எல்லா மூட்டுகளும் ஒரேவகையாகக் கெடவில்லை. எலியின் முழங்கால் அசைவின்றியும் உருவாயிற்று. அசைவுக்கு மற்றொரு பயனும் உண்டு. மூட்டில் ஹயலூரானிக் அமிலம் என்னும் வழுவழுப்பான பொருள் சுரப்பதற்கு அது துணைசெய்கிறது. எலும்புகளுக்கிடையே வெளி விரிய இப்பொருள் உதவுகிறது.

ஏரியின் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். கடல்நீரும் ஏரிநீரும் ஓயாது வந்துபோனால் வாய் திறந்திருக்கும். ஓட்டம் தளர்ந்தால் மணல் மேடிட்டு வாய் அடைபடும். படகும் செல்லாது, இறாலும் உள்ளே வாராது. அசைவற்ற மூட்டின் நிலையும் அத்தகையதே.

மனிதக் கருவும் ஏறக்குறைய எட்டாம் வாரத்திலேயே அசையத் தொடங்குகிறது. தாய் அதனை உணர்வதோ நான்கு, ஐந்து திங்கள் கழிந்த பின்னரே. நரம்பு, தசை ஆகியவற்றின் குறைபாட்டினாலோ பனிக்குட நீர் மிகக் குறைவதாலோ அசைவு தடைப்பட்டால், குழந்தை இறுகிய மூட்டுகளுடன் பிறக்கக்கூடும். இதனை அறியாதார் கிரகணத்தின் மேலும் தாயின் மேலும் பழி சுமத்துவர். கிரகணத்திற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. தாயைப் பழித்தல் பெரும்பிழை. பிறந்த சில நாட்களிலேயே மருத்துவர் காட்டும் முறைப்படி மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டிப் பயிற்றினால், பல குழந்தைகள் நல்ல பயன் பெறுகின்றன. வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தாய் உணர்ந்தால், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

வலை வீசும் கையும் இறால் துழாவும் விரலும் தம் முதற்பயிற்சியைக் கற்றது ஏரியில் அன்று, தாயின் வயிற்றிலே. பிறருக்குத் தெரியாத அந்தச் சிறு துடிப்பே பின்னாளில் ஒரு குடும்பத்தைத் தாங்கும் உழைப்பாகிறது.