எஞ்சினை இறக்குவதற்கு முன்

“அண்ணை, எஞ்சினை முழுசாய் இறக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டாங்கள்.” பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் தம்பி ஒருவர் தனது டொல்பின் வானோடு கடந்த மாதம் என் கராச்சுக்கு வந்து இப்படிச் சொன்னார். காலையில் ஸ்ராட் எடுக்கக் கஷ்டம், வெள்ளைப் புகை, தண்ணீர் குறைகிறது. லீசிங் பணம் இன்னும் கட்டி முடியவில்லை. வான் இரண்டு கிழமை நின்றால் பிள்ளைகள் வேறு வானுக்குப் போய்விடுவார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வான்களின் விலை ஏறியது. உதிரிப் பாகங்களின் விலையும் ஏறியது. எங்கள் பக்கத்தில் பல குடும்பங்கள் இன்னமும் பழைய டீசல் வான்களை நம்பித்தான் சீவிக்கின்றன. ஆகவே எஞ்சினைத் திறக்கும் முன் எதைச் சோதிக்கவேண்டும் என்பது மெக்கானிக்குக்கு மட்டுமல்ல, வான் வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

இந்தப் பழக்கத்தை நான் பொருளாதாரத் தடைக் காலத்தில் கற்றேன். யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். எனக்குத் தொழில் பழக்கியவர் எந்தக் காரையும் தொடுமுன் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பார்ப்பார். எஞ்சினைத் திறந்துவிட்டால் திரும்ப மூடுவதற்குப் புது கஸ்கட் கிடைக்காது. அதனால் மூக்கும் காதும் கையும் முதலில் வேலை செய்தன.

திறக்காமல் பார்ப்பவை

முதலில் புகை. கறுப்பு என்றால் டீசல் கூட அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. கண்ணை எரிக்கும் வெள்ளை, எரியாத டீசல். எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளை, தண்ணீராக இருக்கலாம். ஒயில் கம்பியில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வானை மேற்கொண்டு ஓடவேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் தளர்த்துங்கள். சிறிது ஆவி வருவது வழமை. மூடி துள்ளி, விடாமல் புகை தள்ளினால் ரிங்குகளைத் தாண்டிக் காற்று இறங்குகிறது.

தட்டும் சத்தம் கேட்டால் உடனே பெயாரிங் என்று முடிவெடுக்காதீர்கள். நொசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், எந்தச் சிலிண்டரில் சத்தம் என்று தெரியும். அப்போது கையையும் முகத்தையும் விலக்கி வையுங்கள். அழுத்தத்தோடு பாயும் டீசல் தோலைத் துளைக்கும். பிறகு எஞ்சினை நிறுத்தி அந்த நொசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் பிழை நொசிலில்தான். மாறாவிட்டால் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒயிலை வெள்ளைத் துணியில் வடித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது.

அடுத்தது கொம்பிரஷன். நான்கு ஹீற்றர் பிளக்குகளையும் கழற்றி, டீசலை நிறுத்தி, நல்ல பற்றியோடு ஸ்ராட்டரைச் சுற்றி அளக்கவேண்டும். ரொயோட்டாவின் 2எல், 3எல் எஞ்சின்கள் நல்ல நிலையில் சுமார் 450 பிஎஸ்ஐ காட்டும். சுமார் 285இற்குக் கீழே போனால் தேய்மான எல்லை தாண்டிவிட்டது. சிலிண்டர்களுக்கிடையே 70இற்கு மேல் வித்தியாசமும் இருக்கக்கூடாது.

தம்பியின் வானில் மூன்று சிலிண்டர்கள் 390இற்கு மேல் காட்டின. மூன்றாவது மட்டும் 260.

எங்கே கசிகிறது? அந்தச் சிலிண்டரில் இரண்டு வால்வுகளும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி வைத்து, ஹீற்றர் பிளக் துவாரத்தால் கொம்பிரஷர் காற்றைக் கொடுக்கவேண்டும். எஞ்சின் சட்டென்று சுற்றலாம். பெல்ற் பக்கம் கை வைக்காதீர்கள். காற்று உள்ளிழுக்கும் குழாயில் இரைந்தால் இன்லெற் வால்வ். சைலன்சரில் இரைந்தால் எக்சோஸ்ற் வால்வ். ஒயில் மூடியில் இரைந்தால் ரிங் அல்லது பிஸ்டன். ரேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் கஸ்கட் எரிந்திருக்கிறது அல்லது ஹெட் வெடித்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகுதான் ரேடியேற்றர் மூடியைத் திறக்கவேண்டும்.

இங்கே குமிழி வந்தது. ஒயில் மூடியில் பெரிய இரைச்சல் இல்லை.

திறந்த பிறகு

ஆகவே ஹெட்டை மட்டும் கழற்றினோம். கஸ்கட்டில் மூன்றாவது சிலிண்டரின் வளையத்திலிருந்து தண்ணீர்த் துவாரம்வரை கரிக்கோடு ஓடியிருந்தது. நேர்சட்டம் வைத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்தோம். வால்வுகளுக்கு நடுவே மயிர்வெடிப்பு கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் லேத்துக்கு அனுப்பி அழுத்தம் கொடுத்துச் சோதித்தோம். வெடிப்பு இல்லை. வளைவைச் சீவினால் போதுமாக இருந்தது.

சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. மேல் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், தடக்கவில்லை. நெட்டாகக் கீறலும் இல்லை. ஒயிலிலும் தூள் இல்லை. அதனால் கீழ்ப்பகுதியைத் தொடவில்லை.

கஸ்கட்டை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. ஏன் சூடேறியது? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வருடக்கணக்கில் அதையே ஊற்றியதால் ரேடியேற்றர் குழாய்கள் பாதி அடைபட்டிருந்தன. அதைத் துப்பரவாக்காமல் விட்டிருந்தால் புதுக் கஸ்கட்டும் எரிந்திருக்கும்.

“முழுசாய் இறக்கவேணும்” என்று யாராவது சொன்னால் சண்டை பிடிக்கவேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் கொம்பிரஷன் எவ்வளவு, காற்று எந்த வழியால் போகிறது என்று கேளுங்கள். அளந்தவர் இலக்கத்தைச் சொல்வார். அளக்காதவரிடம் அளந்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

தம்பியின் வான் ஐந்தாம் நாள் பாடசாலை ஓட்டத்துக்குப் போனது. இப்போது அதில் கூலன்ற் ஊற்றுகிறார்.