எண்ணைக் குரலாக்கும் பெட்டி



கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. அந்நாளிலும், அதற்குப் பின் வந்த வால்வு வானொலிகளின் காலத்திலும், வானொலி கேட்பதென்பது ஒரு சிறிய கைவித்தையாகவே இருந்தது. கூரைக்கு மேலே கம்பி கட்ட வேண்டும். ஈர மண்ணிலே இன்னொரு கம்பியை இறக்க வேண்டும். பிறகு குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, இரைச்சலுக்கும் சீழ்க்கைக்கும் இடையில் ஒளிந்திருக்கும் மனிதக் குரலைப் பிடிக்க வேண்டும். டிரான்சிஸ்டர் வந்தது, வித்தை மறைந்தது. இன்றோ அவ்வித்தை வேறு வேடம் பூண்டு மீண்டும் நம் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. இணையத்தின் வழியே ஒலியைப் பெறும் ஸ்ட்ரீமர் என்ற கருவியையும், அதனோடு சேர்த்து மேசைமேல் வைக்கும் எண்ணொலி மாற்றியையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். கடையில் இம்மாற்றியை ‘டாக்’ என்ற பெயரால் கேட்க வேண்டும்.

இதைப் பற்றிப் பேச எனக்கு நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார், இளைப்பாறிய ஆசிரியர். ஊரார் அவரை மாஸ்டர் என்றே அழைப்பார்கள். அத்தோட்டத்தில் மாசி மாதம் காமன் ஊன்றி, மன்மதன் எரிந்த கதையைப் பாட்டும் ஆட்டமுமாக நடத்தும் காமன் கூத்து வழக்கம் உண்டு. அதைப் பாடி நடத்திய பெரியவருக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. நெடும் பாட்டுக்குக் குரல் நிற்பதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ‘டூ இன் வன்’ என்னும் வானொலிப் பெட்டியிலே பதிந்த ஒலிநாடா ஒன்றுதான் அவருடைய முழுப் பாட்டுக்கும் சாட்சி. மாஸ்டர் அந்நாடாவை எண்ணொலியாக மாற்றுவித்து, ஒரு நினைவட்டையில் சேர்த்து, வாசிகசாலையில் ஸ்ட்ரீமரும் மாற்றியும் வாங்கி வைத்தார். இளைஞர்கள் அதைக் கேட்டுப் பாடம் பண்ண வேண்டும். மற்ற வேளையில் வானொலிச் செய்தியும் கேட்கலாம் என்பது அவருடைய எண்ணம். ஒத்திகை தொடங்கும் நாளன்று பெட்டி வாயைத் திறக்கவில்லை. என்னை அழைத்தார்.

மாற்றி செய்யும் வேலை யாது? ஒலி என்பது காற்றின் அசைவு. அவ்வசைவை ஒரு விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, அளவுகளை எண்களாக எழுதிவைப்பதே எண்ணொலிப் பதிவு. 1982இல் விற்பனைக்கு வந்த ஒலி இறுவட்டிலே விநாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒரு படியாகக் குறிக்கப்படுகிறது. தோட்டத்திலே கொழுந்து நிறுத்துக் கணக்கப்பிள்ளை எடையை எழுதுகிறார் அல்லவா? அது போன்றதுதான். ஆனால் கணக்குப் புத்தகத்தைக் கொதிநீரில் இட்டால் தேநீர் ஆகுமா? எண்களை மீண்டும் மின்னசைவாக்கி, ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்க ஒரு கருவி வேண்டும். அதுவே மாற்றி.

ஒவ்வொரு கைப்பேசியினுள்ளும் இத்தகைய மாற்றி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. செய்தி கேட்பதற்கு அதுவே போதும். வீண் செலவு செய்யாதீர்கள் என்றே நான் சொல்வேன். ஸ்ட்ரீமராகப் பயன்படும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளிலோ, உள்ளே ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் ஒலியோடு கலந்துவிடும். சிலவற்றில் ஒலி வெளிவரும் துவாரமே இல்லை. அங்கேதான் தனி மாற்றி தேவைப்படுகிறது.

இணைக்கும் முறை எளிது. ஸ்ட்ரீமரிலிருந்து யூஎஸ்பி வயர் மாற்றிக்கு, மாற்றியின் பின்புறத்திலிருந்து சிவப்பும் வெள்ளையுமான இரட்டை வயர் ஆம்பிளிஃபயருக்கு, அங்கிருந்து ஸ்பீக்கர்களுக்கு. ஆம்பிளிஃபயரைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் ‘டப்’ என்று அதிரும். ஒலியளவை ஸ்ட்ரீமரில் முழுமையாக வைத்துவிட்டு, ஆம்பிளிஃபயரில் கூட்டிக் குறைப்பது நன்று. எண்ணாக இருக்கும்போதே ஒலியைக் குறைத்தால், நுண்ணிய படிகள் சில வீணாகக் கழிந்துவிடக்கூடும்.

இத்தனையும் மாஸ்டர் சரியாகவே செய்திருந்தார். பின் ஏன் மௌனம்? இரண்டு காரணங்கள். ஸ்ட்ரீமரின் அமைப்புப் பக்கத்தில், ஒலி தொலைக்காட்சிக்குச் செல்லும் எச்டிஎம்ஐ வழியே போகுமாறு விடப்பட்டிருந்தது. அங்கே மாற்றியின் பெயரைத் தேர்ந்தோம். மாற்றியின் முகத்திலிருந்த பொத்தானும் யூஎஸ்பி வழிக்கு மாறாமல், ஒளியிழை வழியிலே நின்றது. இரண்டையும் திருத்தியதும் பாட்டு எழுந்தது. மௌனம் என்ற குற்றம் பெரும்பாலும் இவ்வளவே.

பேசுகின்ற பெட்டியின் குற்றங்களே நுட்பமானவை. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் உண்டு. பாட்டு அறுந்து, சில விநாடி சுத்தமான அமைதி நிலவி, மறுபடி தொடர்கிறதா? அது மாற்றியின் பிழையன்று, இணையத்தின் பிழை. நினைவட்டையிலுள்ள பாட்டைப் போட்டுப் பாருங்கள். அது தடையின்றி ஓடினால் ஐயம் தீர்ந்தது. மலைமடிப்புகளில் கைப்பேசி அலை ஏற்கெனவே மெலிந்து வருகிறது. தகரக் கூரை அதையும் தடுத்துவிடும். ரவுட்டரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்து, கோபுரம் உள்ள திசையின் சன்னலோரம் வைத்தாலே பாதி நோய் தீரும். தரம் குறைந்த ஓடையைத் தேர்வதும் உதவும். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் செலவாவது ஏறத்தாழ 29 மெகாபைட். 128 கிலோபிட்டாயின் அதன் இரு மடங்கு. டேட்டாவுக்குப் பணம் எண்ணிக் கொடுப்பவர்கள் இக்கணக்கை நினைவில் வைப்பது நலம். பேச்சுக்கு 64 தாராளம்.

சோளம் பொரிவது போன்ற படபடப்புக் கேட்கிறதா? மின்சாரம் போதவில்லை என்று முதலில் சந்தேகியுங்கள். ராஸ்பெரி பை 4 என்ற மாதிரிக்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். ஒரு ஆம்பியரே தரும் பழைய கைப்பேசிச் சார்ஜர் அதற்குப் பிளக்கால் பொருந்தலாம், பலத்தால் பொருந்தாது. மாற்றியும் அதே வயரிலிருந்து மின்சாரம் உறிஞ்சுமாயின், பாரம் இன்னும் கூடிவிடும்.

இடைவிடாமல் ‘ம்ம்ம்’ என்ற முரலொலி வருவது மூன்றாவது வகை. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலையும். அவ்வலையே காதில் விழுகிறது. ஸ்ட்ரீமரை ஒரு சுவரிலும் ஆம்பிளிஃபயரை எதிர்ச்சுவரிலும் செருகியிருந்தால், மண்தொடர்பு இரு வழியாகப் போய் ஒரு வளையமாகிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப் பலகையில் செருகிப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால், ஸ்ட்ரீமரில் வசதி இருக்குமாயின் யூஎஸ்பி வயருக்குப் பதில் ஒளியிழை வயரைப் பயன்படுத்துங்கள். அதிலே வெளிச்சம்தான் பாயும், மின்சாரம் பாயாது, ஆதலால் வளையம் அறுந்துபோகும். சிலர் பிளக்கின் மூன்றாவது ஊசியை வெட்டிவிட்டு முரலொலியை வென்றதாக மகிழ்கிறார்கள். அந்த ஊசி உயிர்காக்கும் மண்தொடர்பு. பழைய வயரிங் உள்ள லயங்களிலே அதை வெட்டுவது, சிறு இரைச்சலுக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும்.

வாசிகசாலையில் முரலொலியும் இல்லை, படபடப்பும் இல்லை. பாட்டுத் தெளிவாகக் கேட்டது. நானும் மாஸ்டரும் வெற்றிக் களிப்பில் இருந்தோம். மூலையில் அமர்ந்து கண்ணை மூடிக் கேட்டிருந்த பெரியவர் மட்டும் தலையை அசைத்தார்.

“தம்பி, கொரலு என்னோடதுதான். ஆனா தப்பு அடுத்த மலையில அடிக்கிற மாதிரியில்ல கேக்குது? எங்க தப்பு?”

கூத்தின் அடவை எடுத்துக் கொடுப்பது தப்பு. அது கேளாவிட்டால் ஆடுபவன் காலை எங்கே வைப்பான்? பழைய நாடாவில் மங்கியிருக்கும் என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் விடவில்லை. பதிந்த அன்று, அந்த டூ இன் வன்னுக்கு இடப்பக்கம் தாம் நின்றதாகவும், தப்படித்தவர்கள் வலப்பக்கம் நின்றதாகவும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அப்பெட்டிகளில் பலவற்றுக்கு இரு புறமும் இரு ஒலிவாங்கிகள் இருக்கும். இடக் காதின் பதிவு வேறு. வலக் காதின் பதிவு வேறு. எழுந்து சென்று வலப்பக்க ஸ்பீக்கரில் காதை வைத்தேன். அது ஊமையாக இருந்தது! இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே அலமாரியில் நெருக்கி வைத்திருந்ததனால், பாதிப் பாட்டையே முழுப் பாட்டென்று நாங்கள் நம்பியிருக்கிறோம்.

இனி, குற்றம் எங்கே என்று காண்பது எப்படி? மாற்றியின் பின்புறத்தில் சிவப்புப் பிளக்கையும் வெள்ளைப் பிளக்கையும் இடம் மாற்றிச் செருகினோம். ஊமைத்தனம் இடப்பக்கத்துக்குத் தாவியிருந்தால், குற்றம் மாற்றியிலோ அதற்கு முன்னோ இருக்கிறது என்று பொருள். அது தாவாமல் வலப்பக்கமே நின்றது. ஆகவே மாற்றி குற்றமற்றது. அவற்றைப் பழையபடி வைத்து, மறுமுனையிலே, ஆம்பிளிஃபயரில் மாற்றிச் செருகினோம். இப்போது ஊமைத்தனம் இடப்பக்கம் வந்தது. ஸ்பீக்கரும் ஆம்பிளிஃபயரும் தப்பின. சிவப்பு வயரே குற்றவாளி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது தீர்த்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

சிவப்புப் பிளக்கை உருவிப் பார்த்தால், உலோகத்தின்மேல் பச்சைக் களிம்பு. இரத்தினபுரியிலே ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எட்டியாந்தோட்டைப் பக்கமும் ஈரத்துக்குக் குறைவில்லை. அவ்வீரம் பிளக்கைத் தின்றுவிடுகிறது. உலர்ந்த துணியால் துடைத்து, பத்து முறை செருகி உருவிய பின்பும் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஆதலால் புதிய வயரே வாங்கினோம். மாதம் ஒரு முறை எல்லாப் பிளக்குகளையும் கழற்றிச் செருகுவது இப்பகுதியில் நல்ல பழக்கம். ஈரத்துக்கு அஞ்சிக் கருவியைப் பெட்டிக்குள் அடைத்துவிடாதீர்கள். வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

புதிய வயரைப் பூட்டியதும் தப்பு அறைக்குள்ளேயே அதிர்ந்தது. இளைஞர்கள் எழுந்துவிட்டார்கள். பெரியவர், “இன்னொரு தடவ போடு தம்பி” என்றார். மூன்றாம் தடவை ஓடும்போது மேற்கே இடி முழங்கிற்று. சப்பிரகமுவவில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் மின்னலுக்கு அஞ்சியே ஆக வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்தே உருவ வேண்டும். ரவுட்டருக்குத் தொலைபேசிக் கம்பியோ வெளி ஏரியலோ இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். மின்னல் எந்தக் கம்பி வழியாகவும் வரும். இவ்வேலையை இடி நெருங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தலைக்கு மேலே மின்னும்போது கம்பியைத் தொடலாகாது.

மாஸ்டர் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் உருவினார். பாட்டு நடுவில் நின்றது. விட்ட அடியிலிருந்து பெரியவரே மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தார். பையன் ஒருவன் மேசைப் பலகையிலே தப்பின் அடியைத் தட்டினான்.