அணைக்கட்டின் மீது டிரோன் பறக்கலாமா?

கால் கிலோ எடைகூட இல்லாத ஒரு சிறு பொறி, பல லட்சம் டன் எடையுள்ள அணைக்கட்டை என்ன செய்துவிட முடியும்? டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் மாணவர்கள் இவ்வாறு கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே கணக்குப் போட்டே விடை காண்போம்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930-களில் கட்டப்பட்ட ஹூவர் அணையை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 221 மீட்டர். அடியில் கனம் ஏறத்தாழ 200 மீட்டர். உச்சியில்கூட 14 மீட்டர். எடையோ சுமார் 60 லட்சம் டன். இதன்மீது டிரோன் முழு வேகத்தில் மோதினால் நொறுங்குவது டிரோன்தான். சுவரில் ஒரு கீறல் விழுந்தாலே அதிகம். அப்படியிருந்தும், 2017 அக்டோபரில் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் 400 அடி உயரம் வரை டிரோன் பறக்கத் தடைவிதித்த பத்து இடங்களில் ஐந்து, அணைகளே! ஹூவர், கிளென் கேன்யன், கிராண்ட் கூலி, ஃபோல்சம், சாஸ்தா என்பன அவை. சுதந்திர தேவி சிலையும் அந்தப் பட்டியலில் உண்டு.

சுவருக்கு ஆபத்தில்லை என்றால் தடை எதற்கு? அணை என்பது சுவர் மட்டும் அன்று. அதையொட்டி மின் நிலையம் இருக்கிறது. மின்மாற்றிகள் நிற்கும் திறந்தவெளி முற்றமும், அங்கிருந்து புறப்படும் உயரழுத்தக் கம்பிகளும் இருக்கின்றன. மேலே சாலை, கீழே ஆற்றில் குளிப்போரும் மீன் பிடிப்போரும். டிரோன் கட்டுப்பாட்டை இழந்தால் இவற்றின்மீதுதான் விழும். வேடிக்கை என்னவென்றால், கட்டுப்பாட்டை இழப்பதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

டிரோன் தன் திசையை அறிவது எப்படி? அதனுள் கடுகளவு காந்த உணரி ஒன்று உண்டு. நம் பள்ளி ஆய்வுக்கூடத்துக் காந்த ஊசி செய்யும் வேலையை அது மின்னணு முறையில் செய்கிறது. தென்னிந்தியாவில் புவியின் காந்தப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இனி, ஒரு நீண்ட நேர்க் கம்பியில் 1,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொள்வோம். 5 மீட்டர் தொலைவில் அது உண்டாக்கும் புலம் எவ்வளவு? நீங்கள் படித்த சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். அதுவும் சரியாக 40 மைக்ரோடெஸ்லாவே வருகிறது. மாறுதிசை மின்னோட்டம் ஆதலாலும், மூன்று கம்பிகளின் புலங்கள் ஒன்றையொன்று ஓரளவு குறைத்துக்கொள்வதாலும் விளைவு இவ்வளவு கடுமையாக இராது என்பது உண்மை. ஆனால் இரும்பு மதகுகள், பாரந்தூக்கிகள், சாலைத் தளத்தினுள் புதைந்த கம்பிகள் ஆகியவை அப்படியல்ல. அவை உணரியை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும்.

அப்போது நிகழ்வதைக் கவனியுங்கள். காற்று டிரோனைத் தெற்கே சிறிது தள்ளிவிட்டது. பழைய இடத்துக்கு வர அது வடக்கே நகர வேண்டும். உணரி காட்டும் வடக்கோ 60 பாகை பிசகியிருக்கிறது. ஆகவே டிரோன் வடகிழக்கே போகிறது. பிழையைக் கண்டு திருத்துகிறது. அத்திருத்தமும் 60 பாகை பிசகியே அமைகிறது. பிழை சிறிதாயின் எப்படியோ வளைந்து வளைந்து வந்து சேரும். பெரிதாயின் வட்டம் விரிந்துகொண்டே போகும். செக்கு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது போலத்தான்! கையிலுள்ள கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை.

செயற்கைக் கோள்கள் இடத்தைச் சரியாகக் காட்டிவிடாவோ என்று கேட்கலாம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அச்சைகைகள் மிகவும் நலிந்தவை. அணைச் சுவரின் அருகே வானத்தில் பாதி மறைந்துவிடும். மீதியில் சில சைகைகள் சுவரில் பட்டு எதிரொளித்து, 30 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குதான் தாமதம். அதற்கே கணக்கு பல மீட்டர் தவறிவிடும். அணையின் விளிம்பைத் தாண்டி இறங்கும் காற்றில் உண்டாகும் சுழல்கள் வேறு.

அடுத்து, அவ்வானில் வேறு யாரும் பறப்பதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2024 மார்ச்சில் குன்னூர் வனப்பகுதியில் தீப்பற்றியபோது, இந்திய விமானப்படையின் ஹெலிகாப்டர் ஒன்று அருகிலிருந்த நீர்த்தேக்கத்தில் பெரும் வாளியால் நீர் முகந்து சென்று ஊற்றியது. மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வானூர்தியின்மீது 250 கிராம் டிரோன் மோதினால், மோதும் ஆற்றல் 450 ஜூல். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய கிரிக்கெட் பந்துக்கு 128 ஜூல்தான். இது வெறும் கற்பனையன்று. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் அருகே தீயணைத்துக்கொண்டிருந்த விமானத்தின் இறக்கையை ஒரு பொழுதுபோக்கு டிரோன் துளைத்தது. விமானம் பத்திரமாக இறங்கிற்று. ஆனால் பழுதுபார்த்து முடியும்வரை, நகரம் எரிந்துகொண்டிருக்க, அது தரையில் நின்றது. டிரோனை அனுப்பியவருக்குத் தீயைப் பார்க்கும் ஆவலைத் தவிர வேறு நோக்கம் இல்லை. வழக்கு நடந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நோக்கம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது டிரோன்களால் வெடிகுண்டு போடப்பட்டது. கரையில் நிற்கும் காவலருக்கு, தலைக்குமேல் ரீங்கரிப்பது பத்தாம் வகுப்பு மாணவனின் புகைப்படக் கருவியா, வேறொன்றா என்று எப்படித் தெரியும்? அவர் சந்தேகிப்பதே முறை.

நம் நாட்டில் 2018-இல் வந்த விதிகள், உள்துறை அமைச்சகம் அறிவித்த முக்கிய நிலையங்களைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குத் தடை என்று எழுத்தில் கூறின. 2021 ஆகஸ்டு 25 அன்று வெளியான டிரோன் விதிகள், பட்டியலுக்குப் பதிலாக வரைபடத்தைக் கொண்டுவந்தன. 'டிஜிட்டல் ஸ்கை' என்னும் அரசுத் தளத்தில் நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டது. பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை; மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். 250 கிராமுக்கு உட்பட்ட டிரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை என்பதை மட்டும் கேட்டுவிட்டு, எங்கும் பறக்கலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். தவறு. சிவப்பு எல்லை எல்லா எடைக்கும் எல்லைதான்.

வரைபடம் பச்சையாக இருப்பதும் போதாது. ஓர் இடத்தைத் தற்காலிகமாக, 96 மணி நேரம் வரை, சிவப்பாக அறிவிக்க மாநில அரசுக்கும் அதிகாரம் தரப்பட்டது. அன்றியும் அணை வளாகம் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளது. புகைப்படம் கூடாது என்று வாயிலில் பலகை இருந்தால் டிரோனுக்கும் அது பொருந்தும். ஐயமிருந்தால் அங்குள்ள உதவிப் பொறியாளரைக் கேட்டுவிடலாம். கேட்பதற்குக் காசில்லை.

டிரோன் இல்லாதவர்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. ஒரு காந்த ஊசிப் பெட்டியை முதலில் விளையாட்டுத் திடலின் நடுவில் வைத்து வடக்கைக் குறியுங்கள். பிறகு வீட்டு மொட்டை மாடித் தளத்தில், தூண் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மூலையில், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளின் அருகில் என நான்கைந்து இடங்களில் வைத்து, ஊசி எத்தனை பாகை விலகுகிறது என்று அட்டவணையிடுங்கள். திடலில் எடுத்த திசைக்கு ஒரு தொலைதூரக் கோபுரத்தையோ மரத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது.