கற்கண்டு: ஒரு சொல்லின் வழித்தடம்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்தோர் நாவில் இனிப்புத் தின்பண்டத்திற்கு மூன்று பெயர்கள் வழங்கிவந்துள்ளன. தோட்டக் கடையில் கண்ணாடிப் புட்டியிலிருந்து எடுத்துத் தரப்பட்டது மிட்டாய். மலாய் நண்பரிடம் பேசுகையில் அதுவே குலா-குலா. கோவிலிலும் திருமண வரவேற்புத் தட்டிலும் இருப்பது கற்கண்டு. முதலிரண்டும் பிறமொழிச் சொற்கள் எனக் கூறி, மாணவர் கட்டுரைகளில் அவற்றை அடித்து ‘இனிப்பு’ என எழுதுவிக்கும் வழக்கம் நம் ஆசிரியரிடையே உண்டு. அடிக்குமுன் இச்சொற்களின் வரலாற்றை அறிதல் நலம்.

மிட்டாய், இனிமையைக் குறிக்கும் ‘மீட்டா’ என்னும் இந்திச் சொல்லடியாக வந்தது, அதில் சிக்கலில்லை. கற்கண்டோ நெடுவழி நடந்த சொல். கல், கண்டு எனப் பிரியும். செறிந்த சீனிப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் பல நாள் வைத்திருந்தால் நூலைப் பற்றிப் படிகங்கள் வளரும். கற்கண்டினுள் நூல் அகப்படுவது இதனாலேயே. (‘சீனி’யோ சீன நாட்டின் பெயரைத் தாங்கியது.) இவ்வாறு இறுகிய கட்டியே கண்டு. துண்டு, சர்க்கரைக் கட்டி எனப் பொருள்படும் வடமொழிக் ‘கண்ட’ பாரசீகத்தில் ‘கந்த்’ ஆகி, அரபு வழியாக ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தில் ‘கேண்டி’ ஆயிற்று. தமிழ்க் ‘கண்டு’ வடமொழியினின்று வந்ததென்போர் உளர். கட்டு, கட்டி ஆகியவற்றோடு ஒப்பிட்டு, வடசொல்லே திராவிட மூலமுடையது எனக் கருதுவோரும் உளர். பின்னதற்குச் சான்று போதவில்லை என்பது நம் கருத்து. எவ்வாறு கொள்ளினும் கண்டும் கேண்டியும் உறவுச் சொற்களே.

மலாய்க் ‘குலா’வும் நமக்கு அயலன்று. வெல்லத்தைக் குறிக்கும் வடமொழிக் ‘குட’ என்பதிலிருந்து அது பிறந்தது. அகராதிகளில் வெல்லம் எனப் பொருள் தரப்பட்டுள்ள ‘குளம்’ என்னும் சொல்லுக்கும் அதுவே மூலம். கற்கண்டை மலாயர் ‘குலா பத்து’ என்பர். பத்து என்றால் கல். ‘சர்க்கரை’க்கு மூலமான வடசொல்லும் முதலில் பரற்கல்லையே குறித்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

‘இனிப்பு’ என்னும் பொதுச்சொல் இவ்வேறுபாடுகளைத் தாங்காது. இலட்டும் இனிப்பு, பாயசமும் இனிப்பு.

1990களிலிருந்து நீலாய், சிரம்பான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டக் கடைகளோடு புட்டி மிட்டாயும் அருகிற்று. பேரங்காடிப் பொட்டலங்களில் அச்சாகியிருப்பது குலா-குலா. திருமண மண்டப வாயிலில், சந்தனத்திற்கும் குங்குமத்திற்கும் அருகில், கற்கண்டு தன் பெயரோடு இருக்கிறது. அங்கு அதனை ‘இனிப்பு’ என அழைப்பார் எவருமிலர்.