தற்காப்பும் சான்றும்

தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை ஒப்புக்கொள்ளாத சட்டம் உலகில் இல்லை எனலாம். கொல்ல வருபவனைத் தடுக்கப் புகுந்து, அதனால் அவன் இறக்க நேர்ந்தால், தடுத்தவனைக் கொலைகாரன் என்று சட்டம் கூறுவதில்லை. ஆயினும் இவ்வுரிமையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நடந்ததை எடுத்துரைக்கக் கொன்றவன் இருக்கிறான்; கொல்லப்பட்டவன் இல்லை. 'அஞ்சினேன், அதனால் சுட்டேன்' என்று அவன் கூறும்பொழுது, அச்சொல்லை அளந்தறிவது எங்ஙனம்? சுட்டவன் வெள்ளையனாகவும் இறந்தவன் கறுப்பனாகவும் இருப்பின், அந்த அச்சம் ஆபத்தைக் கண்டு பிறந்ததா, நிறத்தைக் கண்டு பிறந்ததா என்னும் வினாவும் உடன் எழுகின்றது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்த அஹ்மாட் ஆர்பரி கொலை வழக்கு இவ்விரு வினாக்களுக்கும் தக்க விளக்கமாக அமைந்துள்ளது.

நிகழ்ந்தது என்ன?

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், பிரன்ஸ்விக் நகரை அடுத்த ஒரு குடியிருப்பில், 25 வயதுக் கறுப்பின இளைஞரான ஆர்பரி, கட்டி முடியாத ஒரு வீட்டினுள் சிறிது நேரம் இருந்துவிட்டு வெளியே வந்து ஓடினார். அங்கிருந்து அவர் எதையும் எடுத்துச் செல்லவில்லை. அவரைக் கண்ட வெள்ளையர் இருவர், தந்தையும் மகனும், துப்பாக்கிகளுடன் வண்டியில் ஏறித் துரத்தினர். தந்தை முன்பு போலீஸ் பணியில் இருந்தவர். அண்டை வீட்டுக்காரர் ஒருவரும் தம் வண்டியில் பின்தொடர்ந்து, இறுதிக் காட்சியைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தார். ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீடித்த அத்துரத்தலின் முடிவில், துப்பாக்கியுடன் நின்ற மகனுக்கும் ஆர்பரிக்கும் கைகலப்பு நேர்ந்தது. மூன்று வெடிகள் வெடித்தன. கையில் ஆயுதம் ஏதுமில்லாத ஆர்பரி நடுத்தெருவில் விழுந்து உயிர்நீத்தார்.

இதன்பின் 74 நாட்கள் வரை ஒருவரும் கைது செய்யப்படவில்லை. இவ்வழக்கை ஆராய்ந்த அரசாங்க வழக்குரைஞர் ஒருவர், கைது செய்யப் போதிய காரணமில்லை என்றே எழுதினார். இங்கு ஒன்றைக் கருதிப் பார்த்தல் வேண்டும். கைத்தொலைபேசிப் படம் அவருடைய பார்வைக்கும் வந்திருந்தது. ஆகவே, அன்று குறைவாக இருந்தது சான்று அன்று. சான்றை நடுநிலையோடு நோக்கும் கண்ணே ஆகும். மே 5ஆம் நாள் அப்படம் பொதுமக்களிடையே பரவியது. மாநிலப் புலனாய்வுத் துறை பொறுப்பேற்று, 7ஆம் நாள் தந்தையையும் மகனையும், 21ஆம் நாள் அண்டை வீட்டுக்காரரையும் கைது செய்தது.

சட்டத்தின் சங்கிலி

எதிரிகளின் வாதம் இரு கண்ணிகள் கொண்ட சங்கிலி போன்றது. 'திருடன் என ஐயுற்றவனைப் பிடிக்கக் குடிமக்களுக்கு உரிமையுண்டு. ஆதலின் துரத்தியது முறையே' என்பது முதற்கண்ணி. 'பிடிக்கும்பொழுது அவன் துப்பாக்கியைப் பறிக்க வந்தான். ஆதலின் சுட்டது தற்காப்பே' என்பது அடுத்தது. முதற்கண்ணிக்கு ஆதாரமாக 1863ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காட்டப்பட்டது. ஜார்ஜியாவில் அடிமை முறை நிலவிய காலத்துச் சட்டம் அது.

ஆனால் குற்றம் தன் கண்முன் நிகழ்ந்திருத்தல் வேண்டும், அல்லது அதனை உடனடியாக அறிந்திருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. ஆர்பரி அன்று ஏதேனும் திருடியதைத் துரத்தியவர் எவரும் கண்டிலர். அவசரத் தொலைபேசியில் பேசிய தந்தை, நேர்ந்த ஆபத்தாகக் கூறியது கறுப்பன் ஒருவன் தெருவில் ஓடுகிறான் என்பதையே. ஆர்பரி தம்மை மிரட்டவில்லை என்றும், ஆயுதம் எதையும் காட்டவில்லை என்றும் குறுக்கு விசாரணையில் மகனே ஒப்புக்கொண்டார். முதற்கண்ணி அறுந்ததும் அடுத்ததும் அறுந்தது. சண்டையைத் தானே தொடங்கியவன் தற்காப்பு உரிமையைக் கோர இயலாது என்பது சட்டம். கடைசி நொடியை மட்டும் நோக்கினால் சுட்டவர் தாக்கப்பட்டவர்போல் தோன்றுவார். ஐந்து நிமிடங்களையும் நோக்கினால் தற்காத்துக்கொள்ள முயன்றவர் ஆர்பரியே என்பது விளங்கும்.

நிறமும் சான்றும்

வழக்கை விசாரித்த ஜூரிகள் பன்னிருவரில் ஒருவரே கறுப்பினத்தவர். கறுப்பின ஜூரிகள் விலக்கப்பட்டதில் வேண்டுமென்றே காட்டிய பாகுபாடு தோன்றுகிறது என நீதிபதி குறிப்பிட்டும், மாநிலச் சட்டப்படி தம்மால் அதனை மாற்ற இயலாது என்றார். எனினும் அதே ஜூரிகள் 2021 நவம்பர் 24இல் மூவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தனர். முடிவைத் தாங்கி நின்றது சான்றே.

அவ்விசாரணையில் அரசாங்கத் தரப்பு நிறத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியது. கொலையை மெய்ப்பிக்க, கொன்றவரின் நிறவெறியை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. நிறமே தூண்டுகோல் என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். 2022 பிப்ரவரியில் நடந்த மத்திய நீதிமன்ற விசாரணையில் அச்சான்று வந்தது. எதிரிகள் முன்னரே எழுதியனுப்பிய செய்திகளில் கறுப்பினத்தவரை இழித்துரைத்த சொற்கள் ஜூரிகள் முன் படிக்கப்பட்டன. இனவெறுப்புக் குற்றமும் உறுதியாயிற்று.

வழக்கின் விளைவாக, 2020இல் ஜார்ஜியா இனவெறுப்புக் குற்றச் சட்டம் இயற்றியது. 2021இல் பழைய கைதுச் சட்டத்தை நீக்கியது. மூவருக்கும் மாநில நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. தந்தைக்கும் மகனுக்கும் பரோலில் வெளிவரும் வாய்ப்பும் மறுக்கப்பட்டது.

தண்டனை கூறிய 2022 ஜனவரி 7ஆம் நாள், நீதிபதி திமத்தி வால்ம்ஸ்லி ஒரு நிமிடம் பேசாதிருந்தார். ஆர்பரி ஓடிய ஐந்து நிமிடங்களில் ஒரு சிறு பகுதி எத்துணை நீளமானது என்பதை அவையோர் உணர்தற்பொருட்டே அவ்வாறு செய்தார். தற்காப்பு என்னும் சொல்லைக் கேட்கும்பொழுதெல்லாம் கேட்கவேண்டிய கேள்வி அந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருந்தது: வெடி வெடிப்பதற்கு முன் நடந்தது என்ன?