ஒரு கோவிலும் ஒரு கணக்கும்

177 பவுன், 9 ஷில்லிங், 8 பென்ஸ். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1794-ம் வருஷம் ஜனவரி மாதம் வெளியான ஒரு சிறு பிரசுரத்தில் இத்தொகை காணப்படுகிறது. கொள்ளை நோயில் சிக்கிய நகரத்தில் பிணங்களைப் புதைத்ததற்கும் நோயாளிகளின் படுக்கைகளை அப்புறப்படுத்தியதற்கும் கிடைத்த வரவு 233 பவுன் 10 ஷில்லிங் 4 பென்ஸ். சவப்பெட்டிச் செலவு 33 பவுன். கூலிக்கு அமர்த்திய ஐவரில் மூவருக்கு 70 நாள், இருவருக்கு 63 நாள், தினம் 22 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 378 பவுன். ஆக, வேலைக்குப் பொறுப்பேற்ற இருவரும் தங்கள் கையிலிருந்து இழந்தது மேற்கண்ட தொகை. வக்கீல் தொழிலில் எத்தனையோ கணக்குகளைப் புரட்டிய பழக்கத்தால் நாமும் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தோம். ஒரு பென்னியும் பிசகவில்லை.

கணக்கு மிகச் சுத்தமாக இருந்தால் வக்கீலுக்குச் சந்தேகம் பிறப்பது இயல்பு. ஆனால் இக்கணக்கின் அருகில் இன்னொரு வரி உண்டு. பிறர் தரவேண்டிய பாக்கி 110 பவுன் என்றும், அதில் வரக்கூடியது சொற்பமே என்றும் எழுதியிருக்கிறார்கள். பொய்க் கணக்கு எழுதுகிறவன் தன் ஏமாற்றத்தை இவ்வளவு அமைதியாகப் பதிவு செய்யமாட்டான்.

இக்கணக்கை எழுதியவர்கள் அப்ஸலோம் ஜோன்ஸ், ரிச்சர்டு ஆலன் என்னும் இரண்டு கறுப்பர்கள். இருவரும் அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். எபிஸ்கோப்பல் திருச்சபை என்று அமெரிக்காவில் வழங்குவது, இங்கிலாந்துத் திருச்சபையின் கிளையாக இருந்து, அந்நாடு சுதந்திரமடைந்த பின் தனித்து நின்ற சபை. அதன் வரலாற்றில் கறுப்பர்களுக்கென்று ஏற்பட்ட முதல் கோவிலுக்கு ஜோன்ஸே தலைவரானார். அக்கோவில் எழும்பிக்கொண்டிருந்த மாதங்களிலேதான் இக்கணக்கும் எழுதப்பட்டது.

ஜோன்ஸ் பிறந்தது 1746-ல், டெலவேர் மாகாணத்தில். வீட்டுக்கு வந்தவர்கள் கொடுத்த காசுகளைச் சேர்த்து ஓர் அரிச்சுவடியும் ஓர் எழுத்துக்கூட்டுப் புஸ்தகமும் ஒரு புதிய ஏற்பாடும் வாங்கினார். பதினாறு வயதில், 1762-ல், எஜமானன் அவருடைய தாயையும் ஐந்து சகோதரர்களையும் ஒரு சகோதரியையும் விற்றுவிட்டு, அவரை மட்டும் பிலடெல்பியாவுக்கு அழைத்துச் சென்று தன் கடையில் வேலைக்கு வைத்தான். 1770-ல் அவர் ஒரு பெண்ணை மணந்தார். அவளும் வேறொருவருக்கு அடிமை. ஒருவரை மட்டுமே விலை கொடுத்து மீட்கக்கூடிய நிலையில் யாரை மீட்பது? தாயின் நிலைமை எதுவோ அதுவே பிள்ளையின் நிலைமை என்பது அன்றைய சட்டம். ஆகையால் ஜோன்ஸ் தாம் அடிமையாகவே இருந்துகொண்டு, கடன் வாங்கியும் நன்கொடை கேட்டும் முதலில் மனைவியை மீட்டார். இராப் பகலாக உழைத்து அக்கடனைத் தீர்க்கச் சில வருஷங்கள் சென்றன. அதன் பின் தம் விடுதலையை விலைக்குக் கேட்டபோது எஜமானன் மறுத்தான். மறுபடியும் கேட்டார், மறுபடியும் மறுத்தான். 1784-ல்தான் இணங்கினான். அப்போது ஜோன்ஸுக்கு வயது ஏறக்குறைய முப்பத்தெட்டு. விடுதலையான பிறகும் அதே கடையில் அவர் கூலிக்கு வேலை செய்தார் என்பதைப் படிக்கும்போது நம்மில் சிலருக்குக் கோபம் வரலாம். நமக்கும் வந்தது. ஆனால் அம்மனிதரின் பிற்கால நடத்தையை அறிந்த பிறகு, இது அடிமைப் புத்தி அன்று என்பது விளங்குகிறது.

1787 ஏப்ரல் 12-ந் தேதி ஜோன்ஸும் ஆலனும் சுயேச்சை ஆப்பிரிக்கச் சங்கம் என்ற பரஸ்பர சகாய ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் சந்தா. ஒரு வருஷம் கட்டியபின் கஷ்டப்படும் அங்கத்தினருக்கு வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் உதவி. அக்கஷ்டம் அவரவர் ஊதாரித்தனத்தால் வந்ததாக இருக்கக்கூடாது. குடிகாரனுக்குச் சங்கத்தில் இடமில்லை. இறந்தவரின் விதவைக்கு ஆதரவு, பிள்ளைகளுக்குப் படிப்பு. தருமம் என்றால் கைக்கு வந்ததை வாரி வீசுவது என்று எண்ணுகிறவர்களுக்கு இவ்விதிகள் கடுமையாகத் தோன்றும். ஆனால் மாதம் ஒரு ஷில்லிங் தருகிறவனும் ஏழையே. அவனுடைய ஷில்லிங்கைக் காப்பாற்றுவதும் தயையின் ஒரு பகுதி என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கோவிலுக்குக் காரணமான சம்பவத்தை ஆலன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஸெயின்ட் ஜார்ஜ் என்னும் மெதடிஸ்டுக் கோவிலில் கறுப்பர்களும் தொழுது வந்தார்கள். அதன் மாடத்தைக் கட்டுவதற்கும் தளம் போடுவதற்கும் அவர்களும் தாராளமாகப் பணம் கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடந்துகொண்டிருக்கையில், முழந்தாளிட்டிருந்த ஜோன்ஸைக் கோவில் தர்மகர்த்தா ஒருவர் பிடித்து இழுத்து, அவ்விடத்தை விட்டு எழுந்திருக்கும்படி அதட்டினார். ஜெபம் முடியட்டும், பிறகு தொந்தரவு கொடுக்கமாட்டேன் என்றார் ஜோன்ஸ். காத்திருக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. ஜெபம் முடிந்தது, கறுப்பர்கள் அனைவரும் ஒருமிக்க எழுந்து வெளியேறினார்கள்.

வெளியேறுவது எளிது, அதற்குப் பின் என்ன செய்வது என்பதில்தான் அநேக இயக்கங்கள் கலைந்து போகின்றன. இவர்கள் கலையவில்லை. நிலம் வாங்கினார்கள், நன்கொடை திரட்டினார்கள், 1793 ஆகஸ்டு 22-ந் தேதி கூரையும் ஏற்றினார்கள். அன்று ஊருக்கு வெளியே மரநிழலில் நடந்த விருந்தைப் பெஞ்சமின் ரஷ் என்ற புகழ்பெற்ற வைத்தியர் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் வர்ணிக்கிறார். முதலில் வெள்ளையர் ஏறக்குறைய நூறு பேர், பெரும்பாலோர் தச்சர்கள், உட்கார்ந்தார்கள், கறுப்பர்கள் பரிமாறினார்கள். பிறகு அதே மேஜையில் கறுப்பர்கள் ஐம்பது பேர் உட்கார்ந்தார்கள், வெள்ளையர்கள் பரிமாறினார்கள். நம் நாட்டுக் கணக்கில் இதைச் சமபந்தி என்று சொல்லமுடியாது, இரண்டு பந்திதான். ஆயினும் இரண்டாம் பந்தியில் பரிமாறியவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அடிமை முறை முற்றும் ஒழியாத நகரம் அது.

அதே ஆகஸ்டு மாதத்தில் மஞ்சள் ஜுரம் பரவியது. ஏறக்குறைய ஐம்பதினாயிரம் ஜனங்கள் வசித்த நகரத்தில் சுமார் ஐயாயிரம் பேர் மாண்டனர். ஜனாதிபதி வாஷிங்டன் உட்பட, போகமுடிந்தவர்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போனார்கள். கணவன் மனைவியைக் கைவிட்டான். பெற்றோர் பிள்ளைகளைக் கைவிட்டனர். கறுப்பர்களை இந்நோய் பற்றாது என்று ரஷ் நம்பினார். ஆகையால் அவர்கள் முன்வந்து உதவவேண்டுமென்று கேட்டுக்கொண்டார். ஜெபத்தின் நடுவே தங்களை இழுத்துத் தள்ளிய ஊருக்குப் பணிவிடை செய்வதா என்று ஜோன்ஸும் ஆலனும் கேட்கவில்லை. வீடு வீடாகச் சென்றார்கள், தாதிகளை ஏற்பாடு செய்தார்கள், பிணம் எடுத்தார்கள். ரஷ்ஷின் போதனைப்படி எண்ணூறு பேருக்கு மேல் இரத்தம் வாங்கினார்கள். அச்சிகிச்சையால் பயனில்லை என்பதும், நோயைப் பரப்பியது கொசு என்பதும் பின்னாளில் வெளியான உண்மைகள். கறுப்பர்களை நோய் பற்றாது என்பதும் பொய்யாயிற்று. 1792-ல் அந்நகரில் புதைக்கப்பட்ட கறுப்பர்கள் 67 பேர். 1793-ல் 305 பேர். இந்தப் புள்ளியும் அப்பிரசுரத்திலேயே இருக்கிறது.

நோய் தணிந்ததும் மாத்யூ கேரி என்ற பிரசுரகர்த்தர் நோயின் வரலாற்றை அச்சிட்டு விற்றார். கறுப்புத் தாதிகளில் கீழ்த்தரமானவர்கள் அளவுக்கு மீறிக் கூலி பறித்தார்கள், சிலர் திருடினார்கள் என்று அதில் எழுதினார். ஆனால் ஜோன்ஸையும் ஆலனையும் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். இங்கேதான் இவ்விரு மனிதரின் தராதரம் தெரிகிறது. நம் பெயருக்குக் களங்கமில்லை என்று அவர்கள் திருப்தியடைந்து மௌனமாக இருந்திருக்கலாம். அவ்வாறு இருந்துவிடும் தலைவர்களை நாம் எல்லோரும் அறிவோம். இவர்களோ, எங்கள் இருவருக்கு மட்டும் புகழ் கூறுவதால் பெயர் சொல்லப்படாத மற்றவர்கள் அனைவர்மீதும் பழி விழுகிறது என்று வாதித்து, மறுப்பெழுதி வெளியிட்டார்கள். ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பதிப்புரிமை பெற்ற முதல் பிரசுரம் அதுவே என்பர். நாம் முதலில் சொன்ன கணக்கு அதன் சாட்சியங்களில் ஒன்று. நகரத் தலைவர் கிளார்க்ஸன் அவர்களுடைய நடத்தைக்குக் கொடுத்த நற்சாட்சியும் அத்துடன் அச்சாயிற்று.

பெயரற்றவர்களுக்கு அவர்கள் பெயர் கொடுத்தார்கள். சாம்ப்ஸன் என்ற ஏழை வீடு வீடாகச் சென்று, துணையற்றவர்களுக்குக் கூலி வாங்காமல் ஊழியம் செய்து, கடைசியில் தானே நோய்க்கு இரையானான். அவன் உதவிய குடும்பங்கள் பிறகு அவன் குடும்பத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவியிடம் கூலி என்ன வேண்டுமென்று கேட்டபோது, குளிர்காலத்தில் ஒருநாள் ஒருவேளைச் சோறு போட்டால் போதும் என்றாள். கேரியைப் பற்றியும் அவர்கள் சொல்லாமல் விடவில்லை. ஆபத்து வேளையில் ஊரை விட்டுப் போயிருந்தவர், தம் புஸ்தகத்தை விற்றதில் பல தாதிகள் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தார் என்று சுட்டிக் காட்டினார்கள். மரியாதை குன்றாத பாஷையில் இதைவிடக் கூர்மையாக எழுத இயலுமா என்பது சந்தேகம்.

1794 ஜூலை 17-ந் தேதி கோவில் பிரதிஷ்டை ஆயிற்று. ஸெயின்ட் தாமஸ் என்று பெயரிட்டார்கள்; பரங்கிமலையை அறிந்த சென்னைவாசிகளுக்கு அப்பெயர் அந்நியமன்று. எந்தத் திருச்சபையில் சேர்வது என்று வாக்கெடுத்தபோது மெதடிஸ்டு சபைக்கு விழுந்தவை இரண்டே வாக்குகள்: ஒன்று ஆலனுடையது, மற்றது ஜோன்ஸுடையது. பெரும்பான்மையோர் எபிஸ்கோப்பல் சபையை விரும்பினர். குருவாகும்படி கேட்டபோது ஆலன் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று மறுத்துப் பிரிந்து, தனிக் கோவில் கண்டார். தோற்ற வாக்கை அளித்த ஜோன்ஸோ, ஜெயித்த பெரும்பான்மையின் அழைப்பை ஏற்றார். கட்சி அரசியலில் உழல்கிற நம் வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். ஆலன் செய்ததும் பிழையன்று. இருவருக்கும் சிநேகம் முறியவில்லை. 1816-ல் ஆலன் தம் சபைக்குப் பிஷப்பாக அபிஷேகம் பெற்றபோது, அவர் தலைமீது கை வைத்தவர்களில் ஜோன்ஸும் ஒருவர்.

எபிஸ்கோப்பல் சபையில் சேரக் கோவிலார் மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள். தனித்தனி ஆட்களாக அன்றி ஒரு சபையாகவே தங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உள் விவகாரங்களில் அதிகாரம் தங்களுக்கே இருக்கவேண்டும். ஜோன்ஸை வாசகராக நியமித்து, தகுதி கண்டால் குருப் பட்டமும் அளிக்கவேண்டும். பிஷப் ஒயிட் தலைமையிலிருந்த மாகாணச் சபை இவற்றை ஏற்றது. அடிமையாய்ப் பிறந்தவர்கள் எழுதிய இந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைக்கூட நாம் மாற்றியிருக்கமாட்டோம். ஆனால் மற்றத் தரப்பார் வேறொன்று கேட்டார்கள். ஜோன்ஸுக்குக் கிரேக்கமும் லத்தீனும் தெரியாது. அவ்விதியைத் தளர்த்தி 1795-ல் உதவிக் குருப் பட்டம் கொடுத்தார்கள். அதற்குப் பிரதியாக, மாகாண மகாசபைக்குப் பிரதிநிதிகளை அனுப்பும் உரிமை ஸெயின்ட் தாமஸ் கோவிலுக்கு இல்லை என்று தீர்த்தார்கள். முழுக் குருப் பட்டம் கிடைக்க மேலும் பல வருஷங்கள் சென்றன. அத்திருச்சபையில் அதைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே.

இதை ஏற்றது சரியா? நம் அபிப்பிராயத்தில், மகாசபையார் கேட்டது அநியாயம். ஜோன்ஸ் இணங்கியது கோழைத்தனம் அன்று. வெளியே ஓர் ஆசனத்தை இழந்து, உள்ளே ஒரு வீட்டை முழுதும் தமதாக வைத்துக்கொண்டார். அவ்வீட்டில் அவர் சும்மா இருக்கவில்லை. 1799 டிஸம்பரில், தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தையும் அடிமை வியாபாரத்தையும் எதிர்த்துக் காங்கிரஸுக்கு ஒரு மனு எழுதி, தம் நகரத்துக் கறுப்பர்கள் எழுபது பேரளவில் கையொப்பமிடச் செய்தார். அடிமைத்தனத்தில் கைவைக்கக் கோரும் பகுதிகளுக்கு ஊக்கம் அளிக்கலாகாது என்று பிரதிநிதிகள் சபை தீர்மானித்தது. சாதகம் 85 வாக்கு. பாதகம் ஒரே வாக்கு, மாஸசூஸெட்ஸ் பிரதிநிதி ஜார்ஜ் தாச்சருடையது. 1804-ல் ஜோன்ஸ் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அடிமைகளை இறக்குமதி செய்வது சட்ட விரோதமான 1808 ஜனவரி முதல் தேதியன்று, தம் கோவிலில் நன்றிப் பிரசங்கம் செய்தார். அது அச்சாகி இன்றும் படிக்கப்படுகிறது. மற்ற நாட்களில் அவர் வேலை நோயாளிகளைப் பார்ப்பது, விவாகம் செய்து வைப்பது, அடக்கம் செய்வது. எல்லாக் குருக்களும் செய்வதே.

1818 பிப்ரவரி 13-ந் தேதி அவர் காலமானார். மாகாண மகாசபையில் ஸெயின்ட் தாமஸ் கோவிலின் பிரதிநிதிகள் உட்கார இடம் கிடைத்தது 1860-களில், உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில். அதற்குள் ஏறக்குறைய எழுபது வருஷம் கழிந்திருந்தது. சபையார் அதுவரை வேறு திருச்சபைக்குப் போய்விடவும் இல்லை, கேட்பதை விட்டுவிடவும் இல்லை. கோவில் பல முறை இடம் மாறி, இப்போது நகரின் மேற்கே ஓவர்புரூக் பகுதியில் நடக்கிறது. பிப்ரவரி 13-ந் தேதி எபிஸ்கோப்பல் சபையின் பஞ்சாங்கத்தில் ஜோன்ஸின் திருநாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அன்றைய ஆராதனையில் அவர் பெயரைச் சொல்லித் துதிப்பது, ஒரு காலத்தில் அவர் ஆட்களுக்கு ஆசனம் மறுத்த அதே திருச்சபை.