தொழுவம் வீடாகும்போது

தமிழகக் கிராமங்களில் பல வீடுகளின் கொல்லையில் மாடில்லாத தொழுவம் சும்மா கிடக்கிறது. அஸ்திவாரம், மூன்று பக்கச் சுவர், ஓட்டுக்கூரை எல்லாம் ஏற்கெனவே இருப்பதால், ஒருவரோ இருவரோ குடியிருக்கும் சிறு வீடாக அதை மாற்றப் புது வீட்டளவுக்குச் செலவாகாது. ஆனால் மிச்சம் பிடித்த பணத்தை விழுங்கும் ஒன்று அந்தச் சுவருக்குள்ளேயே இருக்கிறது: உப்பு.

மாட்டு மூத்திரத்திலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் உப்பாக்குகின்றன. (பீகாரில் இப்படிப்பட்ட மண்ணைக் கரைத்துக் காய்ச்சியே வெடியுப்பு எடுத்தார்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அதைக் கப்பலேற்றியது.) சுவரில் ஏறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துச் செங்கல்லைப் பொரியவைக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசிவிடுவதுதான் வழக்கம். ஆகாத வேலையும் அதுதான். ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பாளம் பாளமாக உதிரும். பழைய தரைமண்ணை ஓரடி ஆழமாவது வெட்டி அப்புறப்படுத்தி, கிராவல் கொட்டித் திமிசு போட்டு, தடித்த பாலிதீன் தாள் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும். சுவரின் பழைய பூச்சைச் செதுக்கி, பொரிந்த கற்களை மாற்றி, சில மாதம் உலரவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினால் சுவர் மூச்சுவிடும்.

அடுத்தது உயரம். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருக்கும் அறைக்கு 9.5 சதுர மீட்டர் பரப்பும் 2.75 மீட்டர் உயரமும் கேட்கிறது. தொழுவத்தின் இறவாரமோ தலையில் இடிக்கும். தரையைத் தாழ்த்தினால் மழைநீர் உள்ளே வரும். ஓட்டை இறக்கிச் சுவரை உயர்த்துவதே சரி. உளுக்காத பனங்கைகளையும் உடையாத ஓடுகளையும் திரும்பப் போடலாம். திறந்த பக்கத்தை அடைக்க, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு ஏற்றது: செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடுவதால் சுமார் கால்வாசிக் கல் மிச்சம், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். எதிரெதிர்ச் சுவரில் ஜன்னல் வைக்காமல் வேலையை முடிக்கக் கூடாது.

கழிப்பறையைப் பழைய சுவருக்குள் திணிக்காமல் ஒட்டினாற்போல் தனியே கட்டினால் ஈரம் மறுபடி ஏறாது. உறிஞ்சுகுழி கிணற்றை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். பம்புசெட்டுக்கான இலவச மின்சாரத்தை இங்கே இழுக்க முடியாது; வீட்டு இணைப்பு தனியாக வாங்க வேண்டும்.